26 வருஷமா அப்பா பீரோவுல இருக்குற ரிவால்வர், என் பேருக்கு மாத்திக்கலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள்ள எங்க வீடு, பக்கத்து வீட்டுக்கே அர கிலோமீட்டர் நடக்கணும். அந்தக் காரணத்த சொல்லித்தான் அப்பா 1999 கடைசில லைசென்ஸ் எடுத்து கான்பூர் .32 ரிவால்வர் ஒண்ணு வாங்குனார். 26 வருஷம் ஆச்சு, ஒரு ஆள் மேல நீட்டுனதில்ல. இப்ப அவருக்கு 71 வயசு, வலது கை நடுங்குது. லைசென்ஸ் அடுத்த வருஷம் முடியுது. என் பேருக்கு மாத்திக்கலாமா, இல்ல இத குடுத்துட்டு இப்ப வர்ற லேசான மாடல் ஏதாவது வாங்கலாமா? இவ்ளோ பழசு இன்னும் சரியா வேல செய்யுமான்னு எப்படி பாக்குறது? நான் கோயமுத்தூர்ல ஃப்ளாட்ல இருக்கேன், பையனுக்கு 8, பொண்ணுக்கு 4. அம்மாவுக்கு அது வீட்ட விட்டு போனா போதும்னு இருக்கு. ஆடில அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் தவறிட்டார், அதுல இருந்து அப்பா சரியா பேசுறதில்ல, ராத்திரி தூங்காம திண்ணைல உக்காந்திருக்கார்னு அம்மா சொல்றாங்க, அதனால பீரோ சாவிய நான் வாங்கி வச்சிருக்கேன்.

பதில்: தம்பி, மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, மூணுக்கும் பதில் சொல்றேன். ஆனா போலீஸ் ஆயுதப்படைல 31 வருஷம் ஆர்மரரா, அதாவது துப்பாக்கிய சரி பாத்து வைக்கிறவனா, இருந்தவன் நான், 20 வருஷம் இதே கான்பூர் .32 ஒண்ண என் பேர்லயும் வச்சிருந்தேன், அதனால உங்க கடுதாசில கடைசி ரெண்டு வரிதான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டுச்சு. நீங்க போற போக்குல எழுதிட்டீங்க, ஆனா மனசுக்குள்ள அது உறுத்திட்டே இருந்திருக்கணும், இல்லனா சாவிய வாங்கியிருக்க மாட்டீங்க.

ஸ்டீல் பீரோ வாங்கும்போது ரெண்டு சாவி குடுப்பாங்க. ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, ரெண்டாவது எங்க? சாமி ரூம் டப்பாலயோ, அரிசி டிரம்முக்குப் பின்னாடியோ, அம்மாவோட பழைய பர்ஸ்லயோ எங்கயாவது இருக்கும், அது எங்க இருக்குன்னு அந்த வீட்டுல உங்களவிட அப்பாவுக்குத்தான் நல்லா தெரியும். இத படிச்ச உடனே அம்மாவுக்கு போன் போட்டு அந்த ரெண்டாவது சாவிய எடுத்து வைக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் மிச்சத்த படிங்க.

பயமுறுத்துறதுக்காக சொல்லல. கூட இருந்தவர் போயிட்டார், பேச்சு குறைஞ்சிருச்சு, தூக்கம் இல்ல, கை நடுங்குது, வயசு 71. எங்க பெல் ஆஃப் ஆர்ம்ஸ்ல, அதான் ஆயுதம் வச்சிருக்குற ரூம்ல, ஒரு போலீஸ்காரர் இந்த நிலமைல வந்து நின்னா அவர் ஆயுதத்த திருப்பி வாங்கி வச்சுட்டு வேற டூட்டி போடுவோம், அத யாரும் அவமானமா எடுத்துக்குறதில்ல, வீட்டுல சாவு விழுந்தவன், சண்ட போட்டுட்டு வந்தவன், நாலு நாளா தூங்காதவன் எல்லாருக்கும் அதே கதைதான். கெட்ட யோசனை மனுஷனுக்கு வரும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல போயிரும், அந்தக் கொஞ்ச நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல துப்பாக்கி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். உங்க அப்பாவுக்கு அப்படி ஒண்ணும் இல்லாமயே இருக்கலாம், துக்கம் தீந்ததும் தானா சரியாயிடலாம், அப்படி இருந்தா ஒரு ரெண்டு மாசம் துப்பாக்கி டீலர் கடைல பத்திரமா இருந்துச்சுங்குறத தவிர வேற நஷ்டம் எதுவும் கிடையாது.

டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க, கை நடுக்கத்த காட்டணும்னு சொல்லியே கூட்டிட்டுப் போகலாம், தூக்கம் இல்லாதத அங்க வச்சு நீங்க சொல்லுங்க. 14416ன்னு டெலிமானஸ் நம்பர் இருக்கு, மனசு சம்பந்தமான உதவிக்கு, அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க, அம்மாவே கூட பேசலாம், எப்படி பக்கத்துல இருக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க. அவர்கிட்ட நேரா கேக்கவும் தயங்காதீங்க, "அப்பா, மனசுல ஏதாவது தப்பா தோணுதா"ன்னு கேட்டா அந்த எண்ணத்த நாம விதைச்சுருவோமோன்னு பல பேர் பயப்படுறாங்க, அப்படி எல்லாம் ஆகாது, கேட்ட மகன்கிட்ட மனசு விட்டு பேசத்தான் செய்வாங்க.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னா, லைசென்ஸ் அப்பா பேர்ல, துப்பாக்கியும் அவர் வசம்தான் இருக்கணும், மகனா இருந்தாலும் நீங்க அத வச்சுக்கவோ, அவர் கூட இல்லாம, அவர் எழுதிக் குடுத்த அனுமதியும் இல்லாம கார்ல எடுத்துட்டுப் போகவோ முடியாது, சாவி உங்ககிட்ட இருக்குறதே பிரச்சனைக்கு இடம் குடுக்கும். வேற யார் கேட்டிருந்தாலும் சாவிய திருப்பிக் குடுத்துருங்கன்னுதான் சொல்லியிருப்பேன். உங்ககிட்ட அப்படி சொல்ல மாட்டேன், குடுக்காதீங்க, ஆனா இந்த வாரத்துக்குள்ள இத முடிச்சுருங்க.

எப்படி முடிக்கிறதுன்னா, பாதுகாப்புக்கு ஆயுதத்த வாங்கி வைக்க லைசென்ஸ் உள்ள டீலர்கள் கோயமுத்தூர்லயே இருக்காங்க. முதல்ல போன்ல பேசிட்டு, அப்பாவோட நீங்களும் ஒரு பெரியவரும் சேந்து போங்க, லைசென்ஸ் புக்கோட. துப்பாக்கி காலியா, தோட்டா தனியா வேற பைல, ரெண்டும் மூடுன மாதிரி இருக்கணும். அப்பா அத எடுக்குற நிலமைல இல்லன்னு உங்களுக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தாக்கூட அந்த வழியே வேண்டாம், தோப்பு வீடு எந்த போலீஸ் ஸ்டேஷன் லிமிட்ல வருதோ அங்க போய் இன்ஸ்பெக்டர பாத்து நிலமைய சொல்லுங்க, ஆள் வந்து ரசீது எழுதி எடுத்துட்டுப் போவாங்க. எந்த ஸ்டேஷன்லயும் இத தப்பா எடுத்துக்க மாட்டாங்க, வராம போனாத்தான் அவங்களுக்கு கவலை.

ஸ்டேஷன்ல குடுக்குறது உங்க அப்பாவுக்கு புதுசும் இல்ல. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் குடுத்து வாங்கியிருப்பார், 2001, 2006, 2011, 2016, 2021ன்னு அசெம்பிளி அஞ்சு, 2004ல இருந்து 2024 வரைக்கும் பார்லிமெண்ட் அஞ்சு, உள்ளாட்சி தேர்தல் வேற, பத்து ரசீதுக்கு மேல அந்த லைசென்ஸ் புக்குக்குள்ளயே மடிச்சு வச்சிருப்பார் பாருங்க. அதனால "எலெக்‌ஷனுக்கு குடுக்குற மாதிரி கொஞ்ச நாள் குடுத்து வைப்போம்ப்பா, ரினியூவல் வேலையும் இருக்கு, டீலர் ஒரு தடவ செக் பண்ணட்டும்"னு சொன்னா அவருக்கு அது பழகுன விஷயம். பொய்யும் இல்ல, செக் பண்ண வேண்டிய துப்பாக்கிதான் அது.

அந்தக் கேள்விக்கு வர்றேன். உங்க அப்பாகிட்ட இருக்குறது நான் நினைக்கிற பழைய மாடல்னா, கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரில செஞ்சது, ஆறு ரவுண்டு, மூணு இஞ்ச் பேரல். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரன் வச்சிருந்த வெப்ளி .38ஓட அச்சுதான், அத சின்னதா .32ல பண்ணியிருக்காங்க, இந்த நம்பர் எல்லாம் தோட்டாவோட பருமன், ஏறக்குறைய இஞ்ச் கணக்குல. .38ம் 9 எம்எம்மும் போலீஸ், ராணுவத்துக்குன்னு ஆனதால பொதுஜனத்துக்கு கிடைச்சது இந்த .32தான், எண்பதுகளுக்கு அப்புறம் வெளிநாட்டு சரக்கு இறக்குமதியும் நின்னு போச்சு, அதனால லைசென்ஸ் இருக்குற வீட்டுல பாதிக்கு மேல இதத்தான் நான் பாத்திருக்கேன். இடது பக்கம் கட்டவிரல் படுற இடத்துல ஒரு லாட்ச், அதான் பூட்டுக் கொக்கி, இருக்கும், அத அமுக்கி பேரல கீழ மடக்குனா நடுவுல இருந்து ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு தோட்டாவையும் ஒண்ணா மேல தூக்கிக் குடுக்கும். இந்த மடக்கு டிசைன்ல தேயுறது அந்த லாட்ச்தான். ஒவ்வொரு ரவுண்டு சுடும்போதும் பேரலுக்கும் பாடிக்கும் நடுவுல வர்ற இழுவைய அதுவும் கீழ இருக்குற கீலும்தான் தாங்குது. மூடி வச்ச துப்பாக்கில பேரல பிடிச்சு லேசா மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தா டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சா அது நல்லதுக்கு இல்ல. இத நீங்க பண்ணாதீங்க, டீலர் கடைல ஆர்மரர் பண்ணுவார், நீங்க கேளுங்க, லாட்ச் ஆடுதா, சுத்துற சிலிண்டர் ஒவ்வொரு ஓட்டையும் பேரலுக்கு நேரா வந்து நிக்குதா, தோட்டாவ அடிக்கிற ஊசியோட முனை மழுங்கியிருக்கா, பேரலுக்குள்ள குழி விழுந்திருக்கா, இந்த நாலும் கேட்டா போதும்.

26 வருஷத்துல அவர் எத்தன ரவுண்டு சுட்டிருப்பார், அம்பதா, நூறா? அந்த இரும்புக்கு அது ஒண்ணுமே இல்ல. சும்மா வச்சிருக்குற துப்பாக்கிக்கு எதிரி வேற. என்னோடத வாங்கி மூணாவது வருஷமோ நாலாவது வருஷமோ, மழைக்காலம் முடிஞ்சு எடுத்துப் பாக்குறேன், சிலிண்டர் சுத்த மாட்டேங்குது. ட்ரிக்கர் பாதில கல்லு மாதிரி நிக்குது. எண்ணெய் டப்பா தீந்து போச்சுன்னு என் வீட்டுக்காரம்மாகிட்ட இருந்து தேங்காண்ணெய் வாங்கித் தடவியிருந்தேன், ஆர்மரர் வேல பாத்தவன் நானே, ஒரு நாளைக்குத்தானேன்னு. அது மார்கழி குளிர்ல உறைஞ்சு, தூசியோட சேந்து அரக்கு மாதிரி ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய்ல ஊற வச்சு பல் தேய்க்கிற பிரஷ்ஷால சொரண்டி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. உங்க ஊரு தென்னந்தோப்பு, கேக்கவே வேண்டாம், அப்பா என்ன எண்ணெய் போட்டிருப்பார்னு எனக்கு இங்க இருந்தே வாசம் வருது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஃப்ளானல் துணில தொட்டு துடைச்சு, திரும்ப காஞ்ச துணியால துடைச்சு எடுத்துட்டா ஆறு மாசத்துக்கு போதும்.

அடுத்தது தோல் உறை. உங்க கடுதாசில நீங்க எழுதல, ஆனா 1999ல வாங்குனவர் கண்டிப்பா ஒரு தோல் உறை செஞ்சிருப்பார், அந்தக் காலத்துல எல்லாரும் தெரிஞ்ச செருப்புக் கடைல குடுத்து அளவெடுத்து தைச்சு வாங்குவாங்க, பெல்ட்ல தோட்டா சொருக சின்னச் சின்ன வளையம் வச்சு. இடுப்புல கட்டிட்டுப் போக அது நல்ல பொருள். துப்பாக்கிய அதுக்குள்ளயே மாசக்கணக்குல வைக்கிறதுக்கு அத மாதிரி கெட்ட பொருள் கிடையாது. தோல் பதப்படுத்துன உப்பும் மருந்தும் அதுக்குள்ளயே இருக்கு, காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கும், வெளிய பளபளன்னு இருக்குற துப்பாக்கி உறை படுற பக்கம் மட்டும் காப்பிப்பொடி தூவுன மாதிரி துரு பூத்திருக்கும். தோட்டாவ அந்த வளையத்துல இருந்து உருவிப் பாத்தா பித்தளைல ஒரு பச்ச வளையம் இருக்கும், விரல்ல தேச்சா பச்சக் கலர் பொடி மாதிரி வரும். களிம்பு. அந்தத் தோட்டாவ நான் நம்ப மாட்டேன். சில நேரம் சிலிண்டருக்குள்ள போகாது, போனா சுட்டதுக்கப்புறம் வெளிய வராது.

தோட்டா பத்தி இன்னொண்ணு, இது பெரிய விஷயம். நம்ம ஊருல ரிவால்வருக்கும் .32ங்குறோம், பிஸ்டலுக்கும் .32ங்குறோம். ரெண்டும் வேற வேற. ரிவால்வருக்கு உள்ளது நீளமா, அடில நல்லா துருத்திட்டு இருக்குற விளிம்போட இருக்கும், 1896லயே வந்த பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா, மெதுவான அழுத்தம் உள்ளது. பிஸ்டல் தோட்டா குட்டையா இருக்கும், ஆனா அழுத்தம் அதுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல கூட. கஷ்டம் என்னன்னா அந்தக் குட்டைத் தோட்டா பல ரிவால்வர்ல பாட்டுக்கு உள்ள போய் உக்காந்துக்கும், வெடிக்கவும் செய்யும், அந்த லாட்ச் அதுக்காக செஞ்சது கிடையாது. யாரோ பழக்கத்துல நாலு ரவுண்டு குடுத்தாங்கன்னு அப்பா ஒரு டப்பால கலந்து வச்சிருந்தா அது டீலர் கண்ணுல படட்டும். புக்குல எழுதியிருக்குற எண்ணிக்கையும் கைல இருக்குற எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கான்னும் அங்கயே எண்ணிருங்க, சுட்டதுக்கு எழுதாம விட்டிருந்தா மறைக்காம சொல்லிருங்க.

சரி, நல்லா இருக்குன்னே வச்சுக்குவோம், அதுக்கு வேல என்ன? இங்க என் கதை ஒண்ணு சொல்லணும், இத நான் ரொம்ப பேர்கிட்ட சொன்னதில்ல.

2012. பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம்னு கரண்ட் போன வருஷம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டுல ஒரு காதுகுத்து, சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, புழுக்கம் தாங்காம பாதி பேர் மொட்டை மாடிக்கு பாய எடுத்துட்டுப் போயிட்டாங்க. ராத்திரி ரெண்டு ரெண்டரை இருக்கும், பின்வாசல் பக்கம் தகரம் உரசுற சத்தம். அந்த வாரம் எங்க தெருவுல ரெண்டு வீட்டுல திருட்டு போயிருந்துச்சு. நான் எந்திரிச்சு பீரோவத் தொறந்து, இருட்டுலயே ஆறையும் போட்டு, சமையக்கட்டு வாசல்ல நின்னு ஹேமர, அதான் பின்னால இருக்குற சுத்தியல, பின்னால இழுத்து வச்சுட்டேன். இந்த ரிவால்வர்ல ஹேமர் இழுக்காம சுடணும்னா ட்ரிக்கர் ரொம்ப கனம், முழு விரல் பலத்தையும் போட்டு அமுக்கணும், இழுத்து வச்சுட்டா விரல் பட்டாலே போதும். கதவு தொறந்துச்சு. உருவம் ஒண்ணு குனிஞ்சு உள்ள வருது. "மாமா, சொம்பு எங்க இருக்கு?" என் அக்கா மகன், அப்ப காலேஜ் படிச்சுட்டு இருந்தான், தண்ணி தாகம்னு மாடில இருந்து வெளிப்படி வழியா இறங்கி வந்திருக்கான்.

அவனுக்கு நான் கைல என்ன வச்சிருந்தேன்னு தெரியாது, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவன் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டான். நான் அதே இடத்துல, இழுத்து வச்ச ஹேமர திருப்பி இறக்கணும். கட்டவிரலால ஹேமர இறுக்கிப் பிடிச்சுட்டு ட்ரிக்கர அமுக்கி மெதுவா விடணும், கட்டவிரல்ல வேர்வை, வழுக்குனா ஹேமருக்கு நேரா இருக்குற தோட்டா வெடிச்சுரும், தலைக்கு மேல மாடில இருபது பேர் தூங்குறாங்க. நூத்துக்கணக்கான ஆளுக்கு இத சொல்லிக் குடுத்தவன் நான். என் கை அன்னைக்கு நடுங்குன நடுக்கம் எனக்குத்தான் தெரியும். தரையப் பாத்து பிடிச்சு, ரெண்டு கையாலயும் இறக்கி, மடக்கி ஆறையும் எடுத்து லுங்கில போட்டுட்டு அங்கயே உக்காந்துட்டேன், விடியுற வரைக்கும்.

நீங்க கேட்டீங்களே, பழசு சரியா வேல செய்யுமான்னு. அன்னைக்கு என் துப்பாக்கி நூத்துக்கு நூறு சரியா இருந்துச்சு தம்பி. அதான் பயம்.

உங்க ஃப்ளாட்ல பையன் எட்டு வயசு, பொண்ணு நாலு வயசு. பக்கத்து ஃப்ளாட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல நாலரை இஞ்ச் செங்கல் சுவர், சில இடத்துல பால்கனிக் கண்ணாடி. அப்பாவுக்கு லைசென்ஸ் குடுத்தப்ப சொன்ன காரணம் அர கிலோமீட்டர் தூரத்துல வீடு இல்லாத தோப்பு. அந்தக் காரணம் உங்களோட கோயமுத்தூருக்கு வராது, கமிஷனர் ஆபீஸ்லயும் உங்களுக்கு என்ன ஆபத்துன்னு முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.

ஆனாலும் மாத்துறதுக்கு வழி இருக்கான்னா இருக்கு, முழுசா சொல்லிடுறேன், ஏன்னா இத பத்தி தப்பு தப்பா ஊருல பேசிக்குறாங்க. 2016 ஆயுத விதிகள்ல, வச்சிருக்குறவர் இறந்து போனாத்தான் வாரிசுக்குன்னு இல்ல, அவருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, இல்ல அந்தத் துப்பாக்கிய 25 வருஷம் வச்சிருந்தாலோ, ரெண்டுல எது முன்னாடி வருதோ அப்பவே அவர் கை காட்டுற வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்கலாம்னு இருக்கு. உங்க அப்பாவுக்கு ரெண்டுமே ஆயிடுச்சு. ஆனா அது தானா வர்ற சொத்து கிடையாது, உங்க பேர்ல புது விண்ணப்பம், போலீஸ் விசாரணை, உடம்பும் மனசும் சரியா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட், ஆயுதத்த கையாள பயிற்சி எடுத்த சர்டிபிகேட், வீட்டுல பாதுகாப்பா பூட்டி வைப்பேன்னு உறுதி எல்லாமே உண்டு. அதோட மத்த வாரிசுகள் ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அம்மாவும் வாரிசு. அவங்க "வீட்ட விட்டுப் போனா போதும்"னு சொல்றாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அவங்ககிட்ட எப்படிப் போய் கையெழுத்து கேப்பீங்க? கேக்காதீங்கன்னு நான் சொல்லல, கேட்டுப் பாருங்க, அப்ப அவங்க முகம் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

புது மாடல் விஷயம் சீக்கிரம் முடிச்சுடுறேன். 2014ல வந்த நிர்பீக், டைட்டானியம் கலந்தது, அர கிலோ சொச்சம்தான், பெண்கள் கைப்பைல வைக்கலாம்னு கொண்டு வந்தாங்க. 2023ல பிரபல்னு ஒண்ணு, சிலிண்டர் பக்கவாட்டுல தொறக்கும், மடக்குற லாட்ச் தொல்லை இல்ல, எடை பழசு மாதிரியேதான். நல்ல பொருள்தான் ரெண்டும். ஆனா லேசா இருக்குறதுன்னா இடுப்புக்குத்தான் சுகம், சுடுறப்ப கைய நல்லா உதைக்கும், வருஷத்துக்கு நாலு தடவயாவது ரேஞ்சுக்கு, அதான் சுட்டுப் பழகுற இடத்துக்கு, போறவருக்குத்தான் அது அடங்கும். ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிக்கு மேல கிடையாதுன்னும், லைசென்ஸ் மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம்னும் 2019 கடைசில சட்டத்த மாத்துனாங்க, அது உங்கள பாதிக்காது. உங்களுக்குத் தேவையே இல்லாத ஒண்ணுல லேசா, கனமான்னு பாத்து என்ன ஆகப் போகுது.

என் கருத்து, வேண்டாம். மாத்தாதீங்க, புதுசும் வாங்காதீங்க. தோப்பு வீட்டுக்கு ராத்திரி காவல் வேணும்னா வெளிச்சம் போடுங்க, இன்வெர்ட்டர் வைங்க, ரெண்டு நாய் வளருங்க, அம்மா அப்பாவ தனியா விடாம தோப்புல ஒரு குடும்பத்த குடி வைங்க. பிடிக்கலன்னா திட்டுங்க, ஆனா நாலு வயசுக் குழந்தை இருக்குற ஃப்ளாட்டுக்கு இத கொண்டு போகச் சொல்லி என் கை எழுதாது.

டீலர்கிட்ட குடுத்து வச்சுட்டு, டாக்டர பாத்து, அப்பா கொஞ்சம் தெளிஞ்சதுக்கப்புறம் அவரையே முடிவெடுக்க விடுங்க, விக்கிறதா, சரண்டர் பண்றதான்னு. விக்கணும்னா லைசென்ஸ் உள்ள ஆளுக்கோ டீலருக்கோ, லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல முறைப்படி தெரிவிச்சு. லைசென்ஸ் முடியுற தேதிய மட்டும் தவற விட்டுறாதீங்க, முடிவெடுக்க நாள் ஆகும்னா ரெண்டு மாசம் முன்னாடியே கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க, லைசென்ஸ் செத்துப் போன துப்பாக்கி டீலர் கடைல இருந்தாலும் பின்னாடி அலைச்சல்.

நான் என்னோடத 2023ல குடுத்தேன். கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணப்புறம் பேரல் நுனில இருக்குற முன் குறி ரெண்டாத் தெரிஞ்சுது, ரேஞ்சுல பன்னெண்டு ரவுண்டு போட்டதுல அட்டைல விழுந்தது ஏழு. இருவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ துடைச்சு வச்ச பொருள், டீலர் மேசை மேல வச்சுட்டு திரும்பி வர்றப்ப பஸ்ஸுல சட்டைக்கு மேல இடுப்ப தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே வந்தேன். அதனால சொல்றேன், அப்பாவுக்கு அது சாதாரணமா இருக்காது. அவர் அந்த வீட்டுக்குக் காவல் நின்ன 26 வருஷம் அதுக்குள்ள இருக்கு. கடைல அவர் முன்னாடியே பிடுங்குற மாதிரி பண்ணாதீங்க, அவர் கையால மேசைல வைக்கட்டும், சீரியல் நம்பர அவரே படிக்கட்டும், ரசீதுல அதே நம்பர் இருக்கான்னு நீங்க பாருங்க.

தோல் உறை இருந்துச்சுன்னா அத மட்டும் துப்பாக்கியோட சேத்துக் குடுத்துறாதீங்க. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, வெயில்ல காய வச்சு, கொஞ்சம் மெழுகு போட்டுத் துடைச்சு அவர் கைல குடுங்க.